வினாகிரியின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் அது வன்னமிலமாகிவிடுமா?

ஆகாது. நீரில் முழுவதும் பிரிவது வன்னமிலம், சிறு பகுதியே பிரிவது மென்னமிலம். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் மென்னமிலம். உயர்தர இரசாயனவியல் படிக்கும் பலரைப் போல நீங்களும் செறிவையும் வன்மையையும் ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். எனக்கும் இதே மயக்கம் இருந்தது. அது தெளிந்த நாள் இன்றும் நினைவிருக்கிறது.

மட்டக்களப்பில் உயர்தரம் படித்தபோது அமிலத்தை ஈடுசெய்ய எவ்வளவு காரம் தேவை என்று அளக்கும் நியமிப்புப் பரிசோதனை ஒன்று செய்தோம். ஒரு குடுவையில் 25 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலம், மற்றதில் அதே அளவு அசற்றிக் அமிலம். இரண்டும் லீற்றருக்கு 0.1 மூல். துளித்துளியாக விட உதவும் அளவுக் குழாயான அளவியில், அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரம். மென்னமிலம்தானே, கொஞ்சக் காரத்துக்கே அடங்கிவிடும் என்று நம்பி, அசற்றிக் அமிலத்துக்கு ஐந்தாவது மில்லிலீற்றரிலிருந்தே துளித்துளியாக விடத் தொடங்கினேன். பத்து தாண்டியது, இருபது தாண்டியது. அமிலம் தீர்ந்ததை நிறத்தால் காட்டும் பினோத்தலீன் நிறம் காட்டவே இல்லை. 25ஐ எட்டியபோதுதான் குடுவை இளஞ்சிவப்பாகி, கலக்கிய பின்னும் அப்படியே நின்றது. மற்ற அமிலத்துக்கும் அதே வாசிப்பு.

ஐதரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறத்தாழ முழுவதும் அயன்களாகப் பிரிந்துவிடுகிறது. அந்தச் செறிவில் அதன் பிஎச் 1 (பிஎச் எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). அசற்றிக் அமிலத்தில் 1.3 சதவீத மூலக்கூறுகளே பிரிந்திருக்கும், பிஎச் 2.9. ஆனால் காரம் ஐதரசன் அயன்களை எடுக்க எடுக்க, பிரியாதிருந்த மூலக்கூறுகள் பிரிந்து ஈடுகொடுக்கின்றன. கடைசி மூலக்கூறு வரை இது நடப்பதால் காரத்தின் கணக்கு ஒன்றாகவே வருகிறது. கல்லடியில் அம்மம்மா பழப்புளிச் சக்கையால் குத்துவிளக்குத் தேய்ப்பார். அந்தப் புளியில் உள்ள தாத்தாரிக் அமிலமும் மென்னமிலம்தான், அதுவும் இப்படித்தான் ஈடுகொடுக்கும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கழன்று பித்தளை மஞ்சளாக வெளிவரும்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். செறிவு என்பது ஒரு லீற்றரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற கணக்கு. வன்மை, அந்த மூலக்கூறு நீரில் எவ்வளவு எளிதில் பிரியும் என்ற இயல்பு. இந்த இயல்பை அளக்கும் எண்ணான பிரிகை மாறிலி, அசற்றிக் அமிலத்துக்கு 25 பாகை செல்சியசில் ஒரு இலட்சத்தில் 1.8 பங்குதான், நீங்கள் செறிவைக் கூட்டுவதால் அது மாறாது. சொல்லப்போனால், நடப்பது நேர்மாறு. லீற்றருக்கு 0.01 மூலில் 4 சதவீதம் பிரியும் அமிலம், 1 மூலில் 0.4 சதவீதமே பிரிகிறது. ஐதரசன் அயன்களின் மொத்தத் தொகை கூடும், பிரியும் விகிதம் குறையும்.

இதனால்தான் பிஎச்சை மட்டும் பார்த்து வன்னமிலமா மென்னமிலமா என்று முடிவுகட்டக் கூடாது. 0.001 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 3. மேலே சொன்ன 0.1 மூல் அசற்றிக் அமிலம் அதைவிடச் சற்று அமிலத்தன்மை கூடியது!

‘மென்’ என்ற சொல்லை நம்பி ஆய்வுகூடத்தில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். நீர் கலக்காத அசற்றிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். ஐதரோபுளோரிக் அமிலமும் மென்னமிலமே. அது தோலினூடே உள்ளிறங்கி உடலின் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும், உயிரையும் எடுக்கும்.