கொல்லைப் பலாவுக்கு என்ன விலை?

கேள்வி: சுவரை நெருக்கிய பலா மரத்தை வெட்டிவிட்டோம். அடிமரம் 9 அடி நீளம், நடுவில் சுற்றளவு 5 அடி. விறகு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். வேறு வழி உண்டா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அடிமரத்தை யாரும் துண்டு போடாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்ற வசதியாக 3 அடிக்கு நறுக்கிவிட்டால், நிலைக்கும் கதவுக்கும் ஆகாது. அதன்பின் அது விறகு விலைக்குத்தான் போகும்.

சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குங்கள். 1.25 × 1.25 × 9 = சுமார் 14 கன அடி. மர வியாபாரத்தில் இந்தக் கணக்குதான் புழக்கம். மரத்தின் உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 18 கன அடி வரும். அறுவையில் போகும் கழிவுக்கு இந்தக் கணக்கு ஓரளவு இடம் விடுகிறது. பட்டையோடு அளந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். வெளிப்புற வெள்ளையும் வெடித்த முனைகளும் போக 7 கன அடி மஞ்சள் வைரம் (உள்ளிருக்கும் கெட்டி மரம்) தேறினாலே நல்லது. 5 × 3 அங்குலச் சட்டத்தில் 7 அடி உயர நிலை ஒன்றுக்குச் சுமார் 2.3 கன அடி பிடிக்கும். ஆக, இரண்டு நிலையும் சில பலகைகளும் எதிர்பார்க்கலாம்.

அறுக்கக் கொடுக்கும் முன் மிருதங்கம், வீணை செய்பவர்களையும் விசாரியுங்கள். இரண்டுக்கும் பலாதான் பேர்போன மரம். மிருதங்கக் கட்டைக்கு 2 அடிக்குச் சற்று மேற்பட்ட உருளையாகவே வேண்டும். பலகையாக்கிய பிறகு போனால் பயனில்லை.

மில்லுக்கு அனுப்பும் முன் ஆணி தேடுங்கள். துணிக்கொடி கட்டிய ஆணி, கம்பி எல்லாம் மரத்துக்குள் புதைந்திருக்கும். ரம்பப் பட்டை அறுந்துபோகும் என்பதால்தான் பல மில்காரர்கள் வீட்டு மரம் என்றாலே தயங்குகிறார்கள். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கிறதென்று சந்தேகப்படுங்கள்.

இரு முனைகளிலும் இன்றே பழைய பெயிண்ட்டோ உருக்கிய மெழுகோ கெட்டியாகப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிக்கிறது. 1 அங்குலப் பலகை வேண்டுமானால் 1¼ அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள். காயும்போது சுருங்கும், இழைப்பிலும் போகும். மரத்தின் நட்டநடுப் பகுதி எந்தச் சட்டத்திலும் வராமல் ஒதுக்குங்கள், அது பிளந்தே தீரும்.

பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, 1½ அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இடையில் வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக நிற்க வேண்டும். விலகினால் பலகை நெளியும். உச்சியில் கல் பாரம் ஏற்றுங்கள். ஒரு பலகையை 15 நாளுக்கொரு முறை எடை போடுங்கள். அடுத்தடுத்து இருமுறை எடை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் இதை நம்பாதீர்கள்.

வெள்ளைப் பகுதியை வைத்துக்கொள்வதானால், மாவுச்சத்தைத் தேடி உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) விழும். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, ஈரம் காயுமுன்பே இரண்டு முறை பூசி, சில வாரம் தார்ப்பாயால் மூடி வையுங்கள். மழை படும் இடத்துக்கு இது உதவாது, கரைந்துபோகும்.

கேள்வி: காய்ப்பு நின்ற தென்னையைச் சட்டமாக அறுக்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதிர்ந்த மரமானால் தாராளமாக. தென்னையில் உறுதி வெளிவட்டத்தில்தான். நடுவும் உச்சியும் உறுதியில்லாத சோத்தி. அடியிலிருந்து பாதி உயரம் வரை, வெளி ஓரத்தை மட்டும் கூரைச் சட்டத்துக்கு எடுங்கள். சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பல் வைத்தது வேண்டும். மிச்சத்தைத் தோப்பில் போட்டு வைக்காதீர்கள். மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கிற தென்னைகளின் குருத்தைத் துளைக்கும்.