கோல்டனுக்கு எந்தச் சீப்பு, ஹஸ்கிக்கு எந்த புளோயர்? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு மூன்று வயது, எடை 34 கிலோ. வாரம் இரண்டு முறை தவறாமல் பிரஷ் போடுகிறோம். மேலே பளபளவென்று இருக்கிறான். ஆனால் காதுக்குப் பின்னாலும் தொடையிலும் கட்டி கட்டியாகச் சிக்கு விழுகிறது. வீடு முழுக்க முடி. பிரஷ் சரியில்லையா, போடும் விதம் சரியில்லையா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: இரண்டுமே சரியில்லை. மேலே பளபளப்பு, அடியில் சிக்கு என்றால் உங்கள் பிரஷ் மேல்முடியைத் தாண்டவே இல்லை. கோல்டனுக்கு முடி இரண்டு அடுக்கு. நீளமாக, சற்று முரடாக வெளியே தெரிவது மேல்முடி. வெயிலையும் தண்ணீரையும் தடுப்பது அதுதான். அதற்கு அடியில் பஞ்சுபோல அடர்ந்திருப்பது உள்முடி. வீடு முழுக்கப் பறப்பதில் பெரும்பங்கு இந்த உள்முடிதான். வேரை விட்டுக் கழன்ற உள்முடி வெளியே வர வழியில்லாமல் மேல்முடிக்குள் சுருண்டுகொண்டால் அது சிக்காகிறது. ஆகவே கடையில் எதைக் கையில் எடுத்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள்: பல் தோல்வரை எட்டுமா? முடியை வாரி எடுக்குமா, வெட்டுமா? பெட்டியில் அச்சடித்திருக்கும் மற்றதை எல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம்.

முதலில் வாங்க வேண்டியது பிரஷ் அல்ல, ஸ்டீல் சீப்பு. கிரேஹவுண்ட் சீப்பு என்று கேட்டால் நாய்ப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஏழரை அங்குலம், அதாவது 19 சென்டிமீட்டர் நீளம். பாதிப் பல் அகலமாக, பாதி நெருக்கமாக இருக்கும். இது சிக்கெடுப்பதற்கு அல்ல, நீங்கள் செய்த வேலையைச் சோதிப்பதற்கு. அகலப் பல் தோலிலிருந்து முடி நுனிவரை எங்கும் மாட்டாமல் வந்தால் அந்த இடம் முடிந்தது. மாட்டினால் முடியவில்லை. கோல்டன் எவ்வளவு பளபளத்தாலும் சீப்பு பொய் சொல்லாது. பல் முனையைப் புறங்கையில் இழுத்துப் பாருங்கள், கீறினால் வைத்துவிடுங்கள். பல்லை விரலால் அசைத்தால் ஆடக் கூடாது. முலாம் பூசிய மலிவுச் சீப்புகளில் பல் பொருத்திய இடத்தில் முலாம் உரிந்து துருப்பிடிக்கும். கடலோர ஊர்க்காரர்கள் கூடுதல் காசு கொடுத்து முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்கலாம்.

இரண்டாவது, ஸ்லிக்கர் பிரஷ். சதுரப் பட்டையில் வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக நட்டிருக்கும். பெரிய நாய்க்குப் பெரிய பட்டை, நீளக் கம்பி, அழுத்தினால் உள்வாங்கும் மெத்தென்ற அடிப்பகுதி வேண்டும். பூனைக்கென்று விற்கும் குட்டைக் கம்பி பிரஷ்ஷால்தான் பலர் மேலோட்டமாகச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். கம்பி முனையில் பிளாஸ்டிக் மணி வைத்தது தோலுக்கு இதம். ஆனால் மணி உதிர்ந்துபோன கம்பி கீறும், முடியையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி உதிர்ந்ததுமே பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, உள்முடி ரேக். தோட்டத்தில் சருகு அள்ளும் வாரியின் குட்டி வடிவம். கோல்டனுக்குப் பல் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், முனை உருண்டை, பல் தன் அச்சில் சுழல்வதாக இருந்தால் நல்லது. சுழலும் பல் முடியைப் பிடுங்காது. இதே பெயரில் வளைந்த கத்திகள் வரிசையாக வைத்த கருவியும் விற்கிறார்கள். அது வெட்டும். அது வேண்டாம்.

இனி போடும் விதம். நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தொடையின் அடி ஓரத்தில் தொடங்கி, இடக்கையால் முடியை மொத்தமாக மேலே தூக்கிப் பிடித்து, இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கீழே விடுங்கள். தலைக்கு வகிடு எடுத்ததுபோலத் தோல் கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்லிக்கரால் சின்னச் சின்ன வீச்சாகச் சீவுங்கள், அழுத்த வேண்டாம். பிறகு சீப்பு. சீப்பு வழுக்கினால் மேலே இன்னொரு வகிடு. இப்படியே முதுகெலும்புவரை ஏற வேண்டும். 34 கிலோ நாய்க்கு முழு உடம்பும் முடிய ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஸ்லிக்கர் போட்டால் தோல் சிவந்து எரியும். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தை நாய் நக்கிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியாவிட்டால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே விழுந்த சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். காதுக்குப் பின்னால் தோல் மெல்லியது. சிக்கு அதைத் தன்னோடு தூக்கிக்கொண்டிருக்கும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும், தையல் போட வேண்டிவரும். சிக்கின் மேல் கொஞ்சம் கார்ன்ஃபிளவர் தூவி, விரலால் நீளவாக்கில் இரண்டாக, நான்காகப் பிரித்து, தோலுக்குப் பக்கத்தில் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீப்பால் எடுங்கள். அக்குளில் அடிக்கடி விழுந்தால் பிரஷ்ஷைக் குறை சொல்லாமல் உடம்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டை உரசுகிறதா என்று பாருங்கள். குளிப்பாட்டும் முன் சிக்கெடுத்தே ஆக வேண்டும். நனைந்து காய்ந்த சிக்கு கம்பளிபோல இறுகிவிடும்.

கேள்வி: ஒரே இழுப்பில் குவியல் குவியலாக முடி எடுக்கும் டீஷெட்டிங் பிளேடு பற்றி வீடியோக்களில் பார்க்கிறோம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அளவோடு பயன்படுத்துவேன் என்றால் மட்டும். ஃபர்மினேட்டர் பிரபலப்படுத்திய வகை இது: கைப்பிடியில் பொடிப்பொடிப் பற்கள் கொண்ட ஓர் உலோக விளிம்பு. கழன்ற உள்முடியை அருமையாக இழுக்கும். கழன்றது தீர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் மேல்முடியை உடைக்கும். குவியல் வந்துகொண்டே இருக்கிறது என்று மகிழ்ந்துபோய் அரை மணி நேரம் இழுப்பவர்கள்தான் அதிகம். அந்தக் குவியலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சாம்பலாக, பஞ்சாக இருந்தால் சரி. கறுப்பாக, முரடாக, ஒரே அளவில் முறிந்த துண்டுகள் தெரிந்தால் நிறுத்துங்கள். முதுகில் முடி நுனி சுருண்டு மங்கலாகத் தெரிவதும் அதே எச்சரிக்கைதான்.

முடி கொட்டும் பருவத்தில் வாரம் ஒரு முறை, பத்து நிமிடம் போதும். ஈர முடியிலும் சிக்கிலும், வால், தொடை போன்ற நீள முடியிலும் போடக் கூடாது. நீள முடிக்கு, குட்டை முடிக்கு என்று இரண்டு வகை உண்டு. முடி 5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் நீள வகை. போலிகள் ஏராளம். அவற்றில் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும், ரம்பம்போல அறுக்கும். ரேக் ஏற்கெனவே இருந்தால் இது அவசியச் செலவு இல்லை.

கேள்வி: குளித்த பிறகு ஹஸ்கி காய அரை நாள் ஆகிறது. வீட்டிலிருக்கும் ஹேர் டிரையரே போதுமா, நாய்க்கான புளோயர் வாங்க வேண்டுமா?

பதில்: இந்தப் பட்டியலில் நிஜமாகவே பணம் போட வேண்டிய பொருள் புளோயர்தான். ஹேர் டிரையர் சூட்டால் உலர்த்துவது. மேல்முடி காய்ந்துவிடும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும், இடையில் தோல் சுடும். புளோயர் காற்றின் வேகத்தால் தண்ணீரை முடியிலிருந்து தள்ளி வெளியேற்றுகிறது, கூடவே கழன்ற உள்முடியையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்முடியில் ஈரம் தங்கினால் வாடையோடு நிற்காது. ஒரே இரவில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து நீர் வடியும் ஈரப்புண் வரும். கோல்டன், ஷெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை.

வாங்கும்போது வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹீட்டர் உள்ள மாடலில் அதன் வாட்டும் சேர்த்து அச்சடித்திருக்கலாம். மோட்டாருக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். வேகத்தை இரண்டு நிலையாக அல்லாமல் திருகித் திருகிக் கூட்டும் வசதி வேண்டும். பயந்த நாயைப் பழக்க அதுதான் உதவும். ஹீட்டரைத் தனியாக அணைக்க முடிய வேண்டும். மோட்டார் சூட்டிலேயே காற்று இளஞ்சூடாக வரும், கோடையில் அதற்கு மேல் தேவையில்லை. ஹோஸ் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷும் ஃபில்டரும் தனியாகக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கார்பன் பிரஷ் தேய்வது இயல்பு. அது கிடைக்காவிட்டால் மொத்த மெஷினும் குப்பைதான்.

அடுத்தது பிளக். 2400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் 6 ஆம்ப் சாக்கெட்டில் பின்னை மாற்றிச் சொருகினால் சாக்கெட் உருகும். 16 ஆம்ப் பவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரும் தாங்காது. குளியலறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. நாயைத் துவட்டி வெளியே கொண்டுவந்த பிறகுதான் மெஷின்.

முதல் சில நாள் அடுத்த அறையில் ஓடவிட்டு, சத்தத்துக்குப் பழக்குங்கள். பிறகு குறைந்த வேகத்தில் பின்னங்காலில் தொடங்கிக் கழுத்துவரை வாருங்கள். முகத்துக்கும் காதுக்குள்ளும் காற்று அடிக்கக் கூடாது. முகத்துக்குத் துண்டு போதும். காதை மூடினாற்போல மெல்லிய துணிப்பட்டை கட்டினால் பல நாய்கள் அமைதியாகும். புளோயர் ஹோஸின் குறுகிய மூக்கை நீள முடியில் ஒரே இடத்தில் பிடித்தால் நுனிகள் சாட்டைபோல அடித்துக்கொண்டு முடிச்சு விழும். வால், தொடைப் பகுதிக்கு மூக்கைக் கழற்றிவிடுங்கள். தோல் கோடு தெரியப் பிரித்துத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இல்லாவிட்டால்தான் காய்ந்தது என்று கணக்கு. ஃபில்டரை முடி அடைத்தால் மோட்டார் சூடாகிப் போய்விடும், அதனால் ஒவ்வொரு முறையும் தட்டி வையுங்கள். இன்னொன்று: குளிப்பாட்டும் முன், காய்ந்த முடியிலேயே மாடியில் வைத்து ஒரு சுற்று ஊதிவிட்டால் பாதி உள்முடி அங்கேயே பறந்துவிடும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னை வெயிலுக்கு ஹஸ்கியை வீட்டிலேயே மொட்டையடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். எந்த கிளிப்பர் வாங்குவது?

பதில்: மொட்டைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மேல்முடி வெயிலை நேராகத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் தோல் வெந்துபோகும் வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், ஹஸ்கி, சமோயெட், பொமரேனியன், சௌ போன்ற நாய்களில் மழித்த இடத்தில் முடி திரும்ப வளராமல் மாதக்கணக்கில் நிற்பது உண்டு. ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். வளரும்போது உள்முடி முந்திக்கொண்டு திட்டுத் திட்டாக வரும். அறுவை சிகிச்சைக்கோ புண்ணுக்கோ டாக்டர் மழிப்பது வேறு. வெயிலுக்குச் செய்ய வேண்டியது, கழன்ற உள்முடியை முழுக்க எடுப்பது. காற்று தோல்வரை போனாலே பெரிய வித்தியாசம். நடையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பாதத்தின் விரலிடுக்கு முடிக்கும் ஆசனவாய்ப் பகுதிக்கும் சின்ன கிளிப்பர் ஒன்று பயன்படும். பிளேடு எண் 10 போதும், 1.5 மில்லிமீட்டர் விடும். எண் கூடக் கூட முடி குட்டையாகும்; 40 என்றால் கால் மில்லிமீட்டர்தான், வீட்டில் தொடவே வேண்டாம். ஏ5 என்ற கழற்றி மாட்டும் வகை பிளேடு பொருந்தும் மெஷினாக வாங்கினால் ஆண்டிஸ், ஆஸ்டர், வால் (Wahl) ஆகிய மூன்று நிறுவனங்களின் ஏ5 பிளேடுகளையும் மாற்றிப் போடலாம். வால் நிறுவனத்தின் ஐந்து நிலை பிளேடு மட்டும் இந்தக் கணக்கில் வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். எண்ணெய் விடாத பிளேடு வெட்டாது, கடிக்கும். அப்பாவின் தாடி டிரிம்மர் இந்த அடர்த்தியில் இரண்டாவது நிமிடமே நின்றுவிடும்.

கேள்வி: பெரிய நாய்க்கு எந்த வகை நகவெட்டி?

பதில்: கொறடு வடிவம். ஓட்டைக்குள் நகத்தை விட்டு வெட்டும் வகை தடித்த நகத்தைப் பிளந்துவிடும். கறுப்பு நகத்தில் உள்ளே ரத்தநாளம் தெரியாது. மெல்லிய சீவலாக வெட்டிக்கொண்டே போய், வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் அதை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர், இல்லாவிட்டால் கார்ன்ஃபிளவரை வைத்து இரண்டு நிமிடம் அழுத்துங்கள். நகத்தைத் தேய்க்கும் மின்சார அரவை வாங்கினால், பாத முடி அதன் தண்டில் சுற்றிக்கொள்ளாமல் பழைய நைலான் சாக்ஸைப் போட்டு, நகத்தை மட்டும் துளைத்து வெளியே விடுங்கள்.

கேள்வி: வாக்குவத்தோடு சேர்ந்த ஐந்து கருவி செட் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: லாப்ரடாருக்குச் சமாளிக்கலாம். ஹஸ்கி முடி கொட்டும் மாதத்தில் அதன் டப்பா பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும், நீங்கள் சீவுவதைவிட டப்பாவைக் கொட்டுவதே அதிகமாக இருக்கும். ஐந்தில் உருப்படியாகப் பயன்படுவது ஒன்றோ இரண்டோ. அதே பணத்தில் நல்ல சீப்பும் ஸ்லிக்கரும் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய புளோயர் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. இறக்குமதிப் பொருள், வாரண்டி கிடையாது என்கிறார் விற்பனையாளர்.

பதில்: பொருள் பக்கத்தில் வாரண்டி என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் படம், ஜிஎஸ்டி பில், பெட்டியில் உள்ள இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், மெஷின் ஓடாத வீடியோ ஆகிய நான்கையும் எடுத்து வையுங்கள். இறக்குமதியாளர் முகவரி பெட்டியில் இல்லை என்றால் அதுவே தனி விதிமீறல். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், தொலைபேசிப் பேச்சு கணக்கில் வராது. பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்தது ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. மெஷினை நீங்களாகத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது குட்டை முடி சிப்பிப்பாறை. மேலே சொன்னதில் எதை வாங்குவது?

பதில்: நகவெட்டி. மற்றபடி வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உண்ணி இருக்கிறதா என்று காதுமடலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.