சுற்றும் வட்டத்துக்கு 1,500 ரூபாயா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு டிவி. ஒரு மாதமாக, மகன் சந்தா கட்டியிருக்கும் ஒரு வீடியோ செயலியில் மட்டும் தொடர் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறது. சில நாள் குரல் கேட்கிறது, படம் கறுப்பாக நிற்கிறது. யூடியூப் நன்றாகவே ஓடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், கேச்சை அழித்துப் பாருங்கள் என்கிறான். இங்கே பழுது பார்ப்பவர், ‘சாஃப்ட்வேர் போய்விட்டது, புதிதாகப் போட 1,500 ரூபாய் ஆகும்’ என்கிறார். கேச்சை அழித்தால் கட்டிய சந்தா போய்விடுமா?
வாசகி, மன்னார்குடி

பதில்: போகாது. சந்தா என்பது உங்கள் டிவிக்குள் இருக்கும் பொருளே அல்ல. அது அந்த நிறுவனத்தின் கணக்கில் உங்கள் மகன் பெயருக்கு எதிரே இருக்கிறது. டிவியைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டாலும் சந்தா அப்படியே இருக்கும். அடுத்தது, அந்த 1,500 ரூபாய். இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள்.

கேச் என்று உங்கள் மகன் சொல்வது சமையலறை அஞ்சறைப் பெட்டி போன்றது. ஒவ்வொரு முறை தாளிக்கும்போதும் மளிகைக் கடைக்கு ஓட முடியாது என்பதால் கடுகையும் சீரகத்தையும் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறோம். செயலியும் முகப்பில் காட்டும் படங்களையும், அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்னக் கோப்புகளையும் டிவிக்குள் ஒரு மூலையில் போட்டு வைத்துக்கொள்கிறது. செயலி புதிய பதிப்புக்கு மாறிய பிறகும் பழைய பதிப்பின் மிச்சம் அங்கே கிடந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கலாம். கோப்பை எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போனால் அது அரைகுறையாக நின்றுவிடும். பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டால் செயலி தானே புதிதாக நிரப்பிக்கொள்ளும். முதல் தடவை திறக்கச் சற்றுத் தாமதமாகும். இழப்பு அவ்வளவுதான்.

யூடியூப் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்டது. எல்லாச் செயலிகளும் திணறினால் இணைப்பையோ ரூட்டரையோ சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் திணறுவதால் இன்னும் ஒரே ஒரு சோதனை போதும். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையிலேயே அந்தத் தொடரை ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியில் தடங்கல் இல்லாமல் ஓடினால், டிவிக்குள் இருக்கும் செயலியில்தான் கோளாறு. கைப்பேசியிலும் வட்டம் சுற்றினால் கோளாறு நிறுவனத்தின் பக்கம். நீங்கள் எதை அழித்தும் பயனில்லை, ஒரு நாள் பொறுத்திருங்கள். இதற்கிடையில் யாராவது வந்து இன்னும் வேகமான இணைய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கே 1080பி தெளிவுக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே தெளிவுக்கு 15 மெகாபிட்தான். இன்று ஊரில் விற்கும் ஃபைபர் இணைப்பின் வேகம் பெரும்பாலும் அதைவிட அதிகம். யூடியூப் ஓடும் வீட்டில் பிளானை மாற்றுவது காலில் முள் குத்தியதற்குக் கண்ணாடி மாற்றுவதைப் போன்றது.

இனி செய்ய வேண்டியது. முதலில் டிவியை நிறுத்துங்கள், ரிமோட்டில் அல்ல, சுவரில். ரிமோட் பட்டன் டிவியைத் தூங்க மட்டுமே வைக்கிறது. உள்ளே பழைய குழப்பம் அப்படியே இருக்கும். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். குரல் கேட்டுப் படம் வராத கோளாறு பல வீடுகளில் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால், முகப்பில் பல்சக்கரம் போல இருக்கும் செட்டிங்ஸுக்குப் போய் ‘ஆப்ஸ்’ என்பதைத் திறந்து, ‘சீ ஆல் ஆப்ஸ்’ பட்டியலில் உங்கள் செயலியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ என்று இருப்பதை அழுத்துங்கள். பெயர்தான் முரட்டுத்தனம், ஓடிக்கொண்டிருக்கும் செயலியை நிறுத்துவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. பிறகு ‘கிளியர் கேச்’. உறுதியா என்று கேட்கும், ஓகே கொடுங்கள். பக்கத்தில் எம்பி கணக்கில் இருந்த எண் சுழிக்கு இறங்கியிருக்கும். செயலியைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இரண்டு நிமிட வேலையை ஏன் இத்தனை படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்கிறேன். ஒரு டிவியில் ‘ஆப்ஸ்’, ஃபயர் டிவியில் ‘அப்ளிகேஷன்ஸ்’, இன்னொரு கம்பெனியில் ‘டிவைஸ் கேர்’ என்று ஆளுக்கொரு பெயர். முகப்பில் விளம்பரத்துக்கு முழு வரிசை ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, துடைப்பத்துக்கு ஒரு பட்டன் வைக்க இடமில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எல்லாச் செயலிகளின் கேச்சையும் ஒரே அழுத்தில் அழிக்கும் வசதி முன்பு இருந்தது. 2017-ல் வந்த 8-ம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஐபோனில் இந்தப் பட்டனே கிடையாது, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதுதான். இவ்வளவுக்கும் பிறகு, உதவி கேட்டு எழுதினால் எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் வரும் பதில், ‘கேச்சை அழித்தீர்களா?’ காய்ச்சலோ கால்வலியோ, எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார்.

இப்போது கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ‘கிளியர் கேச்’ இருக்கும் அதே பக்கத்தில், அநேகமாக அடுத்த வரியிலேயே, ‘கிளியர் டேட்டா’ என்று இன்னொன்று இருக்கும். சில டிவிகளில் அதன் பெயர் ‘கிளியர் ஸ்டோரேஜ்’. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது அஞ்சறைப் பெட்டியைத் துடைப்பது. இரண்டாவது வீட்டையே காலி செய்து சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே நிற்பது. செயலி உங்களை அடியோடு மறந்துவிடும். யார் என்று மறுபடி கேட்கும். கைப்பேசியில் இதைச் செய்தால் ரயிலில் பார்க்க இறக்கி வைத்திருந்த படங்களும் சேர்ந்து போகும். அப்போதும் சந்தா போகாது. ஆனால் சந்தா இருக்கும் வீட்டுக்குள் நுழையச் சாவி வேண்டுமே.

உங்கள் வீட்டில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? சந்தா கட்டுவது மகன். அவர் ஊரில் இருந்தபோது தன் இந்தியக் கைப்பேசி எண்ணைக் கொடுத்து டிவியில் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். மறுபடி உள்ளே நுழைய வேண்டுமானால், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் இப்போது சிங்கப்பூரில் ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கிறதா, ரீசார்ஜ் செய்யப்பட்டிருக்கிறதா, வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்கும் வசதி அதில் இருக்கிறதா? தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை மொபைல் நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்கும் போகலாம். உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். மொபைல் ரீசார்ஜுடன் இலவசமாக வந்த சந்தா என்றால் இன்னும் சிக்கல். அது அந்த எண்ணோடு ஒட்டிப் பிறந்தது. கடவுச்சொல் கொண்ட மின்னஞ்சல் கணக்கு என்றால் நிலைமை கொஞ்சம் தேவலை, கடவுச்சொல் யாருக்காவது நினைவிருக்கும்பட்சத்தில். இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேச்சை அழித்ததால் கெட்டுப்போனது என்று எனக்கு வரும் கடிதங்களில் அநேகமாக எல்லாமே, தெரியாமல் அடுத்த வரியை அழுத்தியவர்களின் கடிதங்கள். ஆகவே மகனிடம் இன்றே கேளுங்கள்: எந்த எண், எந்த மின்னஞ்சல், என்ன கடவுச்சொல்? எழுதி, கேஸ் புத்தகத்தோடு வையுங்கள். அது கையில் இருந்தால், கேச்சை அழித்தும் சரியாகாதபோது ‘கிளியர் டேட்டா’வைத் தைரியமாகச் செய்யலாம். இல்லாவிட்டால் அந்த வரியின் பக்கம் ரிமோட்டைக் கொண்டுபோகவே வேண்டாம்.

அடுத்து, உங்கள் பழுது பார்ப்பவர். அவர் 1,500 ரூபாய்க்குப் போடுகிறேன் என்னும் ‘சாஃப்ட்வேர்’ பெரும்பாலும் என்ன தெரியுமா? செட்டிங்ஸில் இருக்கும் ‘ஃபேக்டரி ரீசெட்’. உங்கள் வீட்டு ரிமோட்டில், உங்கள் கண் முன்னால், பட்டனை அழுத்திவிட்டுக் காப்பி குடிப்பார். அது ஒரு செயலியை மட்டுமல்ல, டிவியில் உள்ள எல்லாக் கணக்குகளையும் அழித்துவிடும். மேலே சொன்ன ஓடிபி கதை ஒவ்வொரு செயலிக்கும் நடக்கும். எல்லாரையும் சொல்லவில்லை, பேனல் போனால், மின்பலகை போனால் அவர்கள்தான் கதி. ஆனால் ஒரு செயலி மட்டும் நின்று நின்று ஓடுவதற்குப் பெட்டியைத் தொடுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதிலும் பென்டிரைவை எடுத்துச் செருகி, ‘எல்லாச் சேனலும் இலவசமாக வரும், சந்தாவே வேண்டாம்’ என்று ஒரு செயலியை ஏற்றித் தருபவர் இருக்கிறாரே, அவர் செய்வது உதவியல்ல. திருட்டுப் படத்தோடு எது வீட்டுக்குள் வந்தது என்று அவருக்கே தெரியாது.

கேச்சைத் துடைத்துத் தருவதாகச் சொல்லும் ‘கிளீனர்’ செயலிகளும் வேண்டாம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ம் பதிப்பிலிருந்தே, வெளியிலிருந்து வரும் செயலிக்கு மற்றொரு செயலியின் கேச்சை அழிக்கும் உரிமை கிடையாது. உரிமை இல்லாததால் அது ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் திரையைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதற்கு முடியும். வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியில் அந்த அனுமதியைக் கொடுப்பது பற்றி நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, செயலியின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் எண்’ என்று இணையத்தில் தேடுவது. மேலே வந்து நிற்கும் எண் மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். இனிமையாகப் பேசுவான். கோளாறைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, உங்கள் கைப்பேசித் திரையை அவனுக்குக் காட்டும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வான். ‘சரிபார்ப்புக்காகப் பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள்’ என்பான். நீங்கள் தட்டும் யுபிஐ ரகசிய எண்ணை அவன் அங்கே பார்த்துக்கொண்டிருப்பான். இப்படிப்பட்ட திரைப் பகிர்வு மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்துவிட்டது. நிறுவனங்கள் ஆள் பேசும் எண்ணை ஒழித்துவிட்டு ‘சாட்பாட்’ ஒன்றை உட்கார வைத்ததுதான் இவர்களுக்குக் கடை திறந்து கொடுத்தது என்பேன். உதவி வேண்டுமானால் செயலிக்குள்ளேயே இருக்கும் ‘ஹெல்ப்’ பகுதிக்கு மட்டும் போங்கள். கோளாறைச் சரிசெய்யப் பணம் கேட்டாலே அது மோசடி. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கேச்சை அழித்தும் மாற்றம் இல்லை என்றால் டிவியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த டிவிகளில் 8 ஜிபி சேமிப்பிடம்தான் தருகிறார்கள், அதிலும் பெரும் பங்கை இயங்குதளமே விழுங்கிவிடும். பேரன் ஏற்றிய விளையாட்டுகள் இரண்டை நீக்கினால் மூச்சு வரும். நேரமும் தேதியும் சரியாகக் காட்டுகிறதா, செயலிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் டிவிக்கு நான்கு வயதுதான், பழையது என்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய ஸ்மார்ட் டிவிகளைக் கைவிட்டபோதுகூட, அவற்றில் 2010, 2011-ம் ஆண்டு மாடல்கள் இருந்தன. அப்படிக் கைவிடப்பட்டால் எதை அழித்தும் பயனில்லை. டிவிக்குப் பின்னால் செருகும் ஒரு ஸ்டிக் வாங்கிக்கொள்ளலாம். முழு டிவியை மாற்ற வேண்டியதில்லை.

இதையெல்லாம் தொடர் ஓடும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். இங்கே இரவு எட்டரை மணி என்றால் சிங்கப்பூரில் பதினொன்று; தவறிப்போய் அடுத்த வரியை அழுத்திவிட்டால் ஓடிபி சொல்ல மகன் விழித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அவரை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.