வாசகர் கேள்வி பதில்: உங்க ஏழைங்கள நீங்களே பாத்துக்கங்க

கேள்வி: நியூயார்க்ல யூதருங்க தங்க ஏழைகளுக்காக அந்தக் காலத்துலயே ஆஸ்பத்திரி, சங்கம்லாம் நடத்துனாங்களாமே, எப்படி ஆரம்பிச்சுச்சு?
- கீழக்கரை வாசகர்

பதில்: ஆரம்பமே ஒரு நிபந்தனைலதாங்க. 1654ல பிரேசில்லேர்ந்து கெளம்புன 23 யூதருங்க அங்க வந்து எறங்குறாங்க, அப்ப அது டச்சுக்காரங்க ஊரு, பேரு நியூ ஆம்ஸ்டர்டாம். கவர்னர் ஸ்டைவசன்ட் வெரட்டப் பாத்தாரு. ஆனா அந்த ஊர நடத்துன டச்சு கம்பெனி 1655ல இருந்துட்டுப் போகட்டும்னுருச்சு, ஒண்ணே ஒண்ணு, உங்க ஏழைங்கள நீங்களே பாத்துக்கணும். எவ்ளோ பெரிய சொமை பாருங்க, வந்தவங்களே கையில காசில்லாம நிக்குறாங்க!

1852ல யூதருங்க சொந்தமா ஒரு ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னைக்கு மவுண்ட் சினாய். 1874ல பல தர்ம சங்கங்க ஒண்ணா சேந்துச்சு. 1881க்கு அப்பறம் ரஷ்யாவுல யூதருங்க மேல கலவரம், அடி ஒதைக்குப் பயந்து லட்சக்கணக்குல ஜனம் வந்துச்சு. அவங்க சொந்தமா ஊர்ச் சங்கம் வச்சுக்கிட்டாங்க, ஒரே ஊர்க்காரங்க சந்தா போட்டு நோவுக்கு உதவி, செத்தா அடக்கம் பண்ண எடம். துபாய்ல நம்மாளுங்க ஊர்ப்பேர்ல சங்கம் வைக்கிறாங்கள்ல, அதேதான். வீட்டுல ஒரு தகர உண்டியல் இருக்கும், வெள்ளிக்கெழம சாயங்காலம் யூதங்களோட ஓய்வு நாள் தொடங்க மெழுகுவத்தி ஏத்துறதுக்கு முன்னாடி வீட்டம்மா அதுல சில்லறை போடுவாங்க, தானும் கஷ்டப்படுற வீடுதான் அது.

கேள்வி: வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறாரு. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வட்டிக்குத்தான் வாங்குறோம், நான் கடல்பாசி எடுக்குற காசு வட்டிக்கே சரியாப் போகுது. அவங்க இதுக்கு என்ன செஞ்சாங்க?
- மண்டபம் வாசகி

பதில்: அக்கா, அவங்க செஞ்சதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். 1892ல வட்டியில்லாக் கடன் சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தள்ளுவண்டி யாவாரிக்குச் சரக்கு, தையக்காரருக்கு மெஷின், இப்படித் தொழிலுக்குக் கடன். வட்டி ஒரு பைசா கெடையாது, ஜாமீன் கையெழுத்து மட்டும் வேணும், கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாம், திரும்பி வந்த காசு அடுத்த ஆளுக்குப் போகும். இன்னைக்கும் நடக்குது, எந்த மதத்துக்காரங்களும் வாங்கலாம். 12ஆம் நூற்றாண்டுல மைமோனிடிஸ்னு ஒரு யூத அறிஞர் தர்மத்த எட்டுப் படியா பிரிச்சாரு, சோறு போடுறத மேல வைக்கல, ஒருத்தர் மறுபடி கைநீட்டாத அளவுக்குக் கடனோ வேலையோ கூட்டோ குடுக்குறதத்தான் உச்சில வச்சாரு.

யாவாரிகிட்ட முன்பணம் வாங்குனா அவன் சொல்ற வெலைக்குத்தான் மீன போடணும், அது உங்களுக்கே தெரியும். பைத்துல்மால், அதான் முஸ்லிம் ஜமாத்தோட பொது உதவி நிதி, நடக்குற ஊர்ல வட்டியில்லாக் கடன் புதுசு இல்ல, உங்க மகளிர் குழுவுலயும் சேமிப்பு இருக்கும். அதுல ஒரு பங்க தனியா எடுத்து, ஏப்ரல்ல தடை வர்றதுக்கு முன்னாடியே நாலு வீட்டுக்கு வட்டியில்லாம குடுத்துப் பாருங்க, படகு கடலுக்குப் போனப்பறம் வாரக்கூலி வாங்குற அன்னைக்கே தவணைய வசூல் பண்ணிடுங்க.