பதற்றம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தனுஷ்கோடிப் பகுதியில் கரைவலை இழுப்பையும் (கடலில் விரித்த வலையைக் கரையில் நின்றே இழுப்பது) பூநாரைகளையும் படமெடுத்து வருகிறேன். ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அபெர்ச்சர் (ஒளி புகும் துளையின் அளவு) என்று கணக்குப் பார்ப்பதற்குள் காட்சி கைநழுவிப் போய்விடுகிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் போன்ற மேதைகள் உள்ளுணர்வையும் நிதானத்தையும் நம்பித்தானே எடுத்தார்கள்? உங்கள் இதழில் தொழில்நுட்பப் பக்கத்தைக் குறைத்தால் என்ன? – மண்டபம் வாசகர் ஒருவர்

பதில்: கணக்குப் பார்த்ததால் காட்சி நழுவவில்லை, மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையேறும் நேரத்தில் பார்த்ததால்தான் நழுவியது. கரைவலையை இழுத்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும். வலையின் இரு முனைக் கயிறுகளையும் பிடித்துத் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு கூட்டத்தார் சிறுகச் சிறுக ஒருவரையொருவர் நெருங்கி வருகிறார்கள். அவ்வளவு நேரமும் உங்கள் கையில்தானே இருந்தது?

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளக்கிறது. வெண்மணலும் மின்னும் நீரும் படச்சட்டத்தை நிறைத்தால் அது ஒளியைக் குறைத்துவிடும். தலைப்பாகைக்குக் கீழே இருக்கும் முகம் கரியாகிவிடும். எவ்வளவு கூர்மையான உள்ளுணர்வு உள்ளவருக்கும் இது தானாகத் தெரிய வராது, கற்றுத்தான் ஆக வேண்டும். இழுப்பவர்கள் மேல் விழும் அதே வெயிலில் உள்ளங்கையை விரித்து, அதை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இருமடங்காக) கூட்டி, கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் நிறுத்திவிடுங்கள். மேகமில்லாத நண்பகலில் அது ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/800 நொடி என்ற அளவை ஒட்டியே வரும். அதன்பின் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினாலும் மணல் பக்கம் திருப்பினாலும், வெயில் மாறாதவரை அந்த அளவைத் தொட வேண்டியதில்லை. நீங்கள் விரும்பும் நிதானம் அப்போது தானே வந்து சேரும்.

கார்த்தியே-பிரெஸ்ஸோனைச் சொன்னீர்கள். 1930களின் தொடக்கத்தில் லைக்கா கேமராவைக் கையிலெடுத்த அவர், தம் படங்களில் பெரும்பாலானவற்றை ஒரே 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார். எந்தத் தொலைவில் நின்றால் எவ்வளவு காட்சி படச்சட்டத்துக்குள் அடங்கும் என்பது, கேமராவை உயர்த்தும் முன்பே அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. நாம் உள்ளுணர்வு என்று வியப்பது, யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு ஊறிப்போன அந்தப் பழக்கத்தைத்தான். அதைத் தொழில்நுட்பத்துக்கு எதிர்க்கட்சியாக நிறுத்துவது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமான ஒரு பங்கும் இருக்கிறது. அளவுகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பவர், இரண்டு கூட்டத்தாரும் நெருங்கிவிட்டால் மடி வரப்போகிறது என்பதை அறியாமல், அந்நேரம் பார்த்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். பூநாரைகளும் அப்படித்தான்: கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிரும், கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும், பிறகு காற்றை எதிர்த்துச் சில அடிகள் நீரில் ஓடித்தான் எழும்பும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கவனித்தவர் முன்கூட்டியே இடம்பிடித்துக் காத்திருக்கலாம். இந்த அறிவை எந்தக் கேமராக் கையேடும் தராது. கரையில் நின்று பார்த்தும், வலை இழுக்கும் அண்ணன்மாரிடம் கேட்டும்தான் பெற வேண்டும். பறக்கும் படம் வேண்டுமென்பதற்காக, இரை தேடி வந்த பறவைகளைக் கைதட்டி விரட்டுகிறவர்களை இங்கே கணக்கில் சேர்க்கவே எனக்கு மனமில்லை.

ஆகவே தொழில்நுட்பப் பக்கத்தைக் குறைக்கப் போவதில்லை. கரைவலையின் போக்கையும் பறவைகளின் நடத்தையையும் பற்றி அதே பக்கத்தில் எழுத, அவற்றை அருகிருந்து அறிந்தவர்களைக் கேட்டிருக்கிறோம். அடுத்த முறை மடி கரையேறும்போது நீங்கள் எடுக்கும் படத்தை, வைத்த அளவுகளையும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.