எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பயணம்: ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவமனையைப் பாருங்கள்

நண்பர்கள் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஊர் ஊராகப் போய் எய்ட்ஸ் விழிப்புணர்வு செய்யப் போவதாகவும், எப்படித் தயாராவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பேச்சைக் கேட்ட ஒருவர் மறுநாள் காலை எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி.க்கு டெஸ்ட் எடுக்கக் கிளம்பினால் எங்கே போவார்? மையம் எவ்வளவு தூரம், எந்தக் கிழமை திறந்திருக்கும், டெஸ்ட் கிட் இருப்பில் உண்டா, பாசிட்டிவ் என்றால் மருந்து உடனே கிடைக்குமா? இதற்கெல்லாம் பதில் தெரியாத ஊரில் கூட்டம் போடாதீர்கள். பயத்தைக் கிளப்பிவிட்டுக் கிளம்பி வந்தது போலாகிவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்திவைத்ததில் பல நாடுகளில் எச்.ஐ.வி. சேவைகள் முடங்கின. அதனால் பழைய மையப் பட்டியலை நம்பாமல், போவதற்கு முந்தைய வாரம் போன் போட்டுக் கேளுங்கள்.

மாவட்ட சுகாதார அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய் பிரசாரம் செய்யலாமா என்பதைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள். சட்டத்தையும் படித்தாக வேண்டும். உகாண்டாவின் 2023 சட்டப்படி ஓரினச்சேர்க்கையை ‘ஊக்குவிப்பது’ 20 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தின் ஒரு வரிகூட அந்த வலைக்குள் விழலாம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அதை வாங்கிய உள்ளூர்க்காரர் மாட்டிக்கொள்வார். வந்தவர்களின் பெயரை எழுதும் பதிவேடும் வேண்டாம், கூட்டப் புகைப்படமும் வேண்டாம்.

பேச்சில் மண்டை ஓடு, எலும்புக்கூடு படங்களைத் தவிருங்கள். அதைப் பார்த்துப் பயந்தவர் டெஸ்டுக்கு வருவதை விட்டு ஒளிந்துகொள்வார். சொல்ல வேண்டியது நம்பிக்கையான செய்தி. 2024 முடிவில் உலகில் சுமார் 4.08 கோடி பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள், அவர்களில் 3.16 கோடி பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது. கேட்பவர்களின் முகம் மாறுவது இந்த இடத்தில்தான்.

ஆணுறை விளக்கத்தை வாழைப்பழத்திலோ கட்டை விரலிலோ காட்டாதீர்கள், அதில் மாட்டினால் போதும் என்று அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரியைப் பயன்படுத்துங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, பாக்கெட்டுக்குள் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, உள்ளே இருப்பதை ஒரு பக்கம் ஒதுக்கி, பல்லால் கடிக்காமல் கையால் கிழியுங்கள். நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டிவிடுங்கள். முடிந்ததும் விறைப்பு தளரும் முன் அடி வளையத்தைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் உறை கிழிந்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெட்டியை வைத்தாலும் கெட்டுப்போகும்.

கேள்வி நேரத்தில் யாரும் கை தூக்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாளும் பென்சிலும் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் எதையாவது எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும், அப்போதுதான் எழுதியவர் யாரென்று தெரியாது. எழுதத் தெரியாதவர்கள் இருக்கும் கூட்டத்தில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, அதே பாலினத்து மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். அவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர் நல்லது.

டெஸ்ட் எடுக்கும் வேலையை நீங்கள் ஏற்காதீர்கள். உடனே முடிவு தெரியும் ரேபிட் டெஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து பாசிட்டிவ் என்று சொல்லக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் அடுத்தடுத்து மூன்று டெஸ்டுகள் பாசிட்டிவாக வர வேண்டும் என்கிறது. தொற்றிய பிறகு அது ரேபிட் டெஸ்டில் தெரிய 3 மாதம் வரை ஆகலாம் என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முந்தாநாள் ஆபத்துக்கு உள்ளானவர் இன்று நெகட்டிவ் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார். தொற்று வராமல் தடுக்க அவருக்கு வேண்டிய மருந்தை, ஆபத்து நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பதும் உங்கள் குறிப்புத் தாளில் இருக்கட்டும்.

பணத்தை டி-ஷர்ட், பேனர் அச்சடிக்கச் செலவழிக்க வேண்டாம். எச்.ஐ.வி.யுடன் வாழும் உள்ளூர் பேச்சாளருக்குச் சம்பளமும், டெஸ்டுக்குப் போகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த மையத்து நர்ஸைக் கூப்பிட்டு, கூட்டத்துக்குப் பிறகு எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.