பத்து இடங்களையும் நிரப்பியாக வேண்டுமா?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். மதிப்பெண்கள் நன்றாகவே இருக்கின்றன. விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் இருக்க, அவளிடம் நான்குதான் உள்ளன. அதனால் கோடை விடுமுறையில் பணம் கட்டிப் பல்கலைக்கழக முகாம் ஒன்றில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: அந்த நோக்கத்துக்காக மட்டும் என்றால் சேர்க்க வேண்டாம். பல கல்லூரிகள் ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்து இடங்கள் இருப்பது உண்மைதான்; ஆனால் பத்தையும் நிரப்பியாக வேண்டும் என்ற விதி இல்லை. கட்டணம் செலுத்துவோரில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் முகாம்கள், பெற்றோரின் வசதியைத்தான் காட்டுமே தவிர மாணவியின் திறமையைக் காட்டுவதில்லை என்பது சேர்க்கை அலுவலர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி போன்று கடும் போட்டியில் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றி நடத்தும் பயிற்சிகளின் மதிப்பே வேறு.

இருக்கும் நான்கையும் உங்கள் மகள் எப்படி எழுதுகிறார் என்பதில்தான் கவனம் தேவை. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகளுக்குள்தான் இடம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்பதையும் தனியே கேட்கிறார்கள். "நூலகத்தில் தன்னார்வப் பணி செய்தேன், குழந்தைகளுக்கு உதவினேன்" என்று எழுதினால் அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். "சனிதோறும் 12 சிறுவர்களுக்கு வாசிப்பு வகுப்பு; பயிற்சி அட்டைகள் என் தயாரிப்பு; இப்போது இளைய மாணவியர் இருவர் நடத்துகின்றனர்" என்றால், அவர் தொடங்கியது, செய்தது, விட்டுச்சென்றது மூன்றும் தெரிந்துவிடுகின்றன. வீட்டில் தம்பியைக் கவனித்துக்கொள்வதும், கடையில் சம்பளத்துக்கு வேலை செய்வதும்கூட அந்தப் பட்டியலில் இடம்பெறத் தக்கவையே. நம் வீடுகளில் இவற்றை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

செயல்பாடுகளைவிட முக்கியமானது, பள்ளியில் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார் என்பது. பல அமெரிக்கக் கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதன் 'சி7' பகுதியில் பாடங்களின் கடினம், மதிப்பெண், நுழைவுத்தேர்வு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என ஒவ்வொன்றுக்கும் அந்தக் கல்லூரி தரும் முக்கியத்துவம் குறிக்கப்பட்டிருக்கும். ஆலோசகருக்குக் கட்டணம் கொடுப்பதற்கு முன், மகள் விரும்பும் கல்லூரிகளின் அந்தப் பக்கங்களை இருவரும் சேர்ந்து படியுங்கள். போட்டி மிகுந்த பல கல்லூரிகள் பாடங்களின் கடினத்தை மிக முக்கியமானதாகக் குறித்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஆகவே பள்ளியில் கிடைக்கும் கடினமான பாடங்களைத் தவிர்த்து, எளியவற்றில் முழு மதிப்பெண் வாங்குவது நல்ல உத்தியல்ல.

எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வை எழுத வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எம்.ஐ.டி. அதை மீண்டும் கட்டாயமாக்குவதாக 2022இல் அறிவித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் அதைப் பார்ப்பதே இல்லை.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களே பெரும்பாலும் பொருத்தமானவர்கள். எம்.ஐ.டி. போன்ற இடங்களில் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரும், மொழி, வரலாறு போன்ற பாடங்களின் ஆசிரியர் ஒருவரும் எழுத வேண்டும் என்பதால், இரு பக்கமும் தன்னை நன்கு அறிந்த ஆசிரியர் இருப்பதை உங்கள் மகள் இப்போதே உறுதிசெய்துகொள்ளட்டும். வகுப்பில் கேட்ட ஒரு கேள்வியையோ, தவறாகப் போன ஒரு சோதனையைத் திரும்பச் செய்ததையோ நினைவில் வைத்து எழுதும் ஆசிரியரின் கடிதம், "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்ற வழக்கமான பாராட்டைவிடப் பல மடங்கு பயன்படும். 650 சொற்களுக்குள் அமைய வேண்டிய கட்டுரையும் அப்படித்தான்; பெற்ற பரிசுகளை அதில் மறுபடியும் அடுக்க வேண்டாம். பெரியவர்கள் திருத்தித் திருத்தி மெருகேற்றிய கட்டுரையில் பதினேழு வயதுப் பெண்ணின் குரல் காணாமல் போய்விடும் என்பதால், நீங்கள் எழுத்துப்பிழை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், ஹார்வர்டு போன்ற இடங்களில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. எனவே இடம் கிடைக்க நல்ல வாய்ப்புள்ள, மகள் மகிழ்ச்சியோடு படிக்கக்கூடிய சில கல்லூரிகளும் பட்டியலில் இருக்கட்டும். 'எர்லி டிசிஷன்' முறையில் முன்கூட்டியே விண்ணப்பித்தால் சில கல்லூரிகளில் வாய்ப்பு கூடும் என்றாலும், இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. பல கல்லூரிகள் தரும் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலையில் உங்கள் குடும்பம் இருந்தால், அந்த முறையைத் தவிர்ப்பதே நல்லது.